கொடியடுப்பைப் புகைபோக்கி அடுப்பாக மாற்றுவது எப்படி?

மேலூர், உசிலம்பட்டி, திருமங்கலம் பக்கம் எந்த ஊருக்குள் போனாலும் கேஸ் அடுப்பு இல்லாத வீடு அபூர்வம். ஆனாலும் கொல்லைப்புறத்து விறகடுப்பு அணைந்துவிடவில்லை. மார்கழி விடியலில் குளிக்க வெந்நீர், மாட்டுக்குக் கஞ்சி, நெல் அவிப்பது, விசேஷ வீட்டுச் சோறு, குலசாமிக்குப் பொங்கல் என்று அதற்கென்று வேலை இருந்துகொண்டே இருக்கிறது. சென்னையிலும் திருப்பூரிலும் பல காலம் இருந்துவிட்டு ஊருக்குத் திரும்பியவர்கள், புதுசாகக் குடும்பம் நடத்தத் தொடங்கியவர்கள், விறகடுப்பைத் தொட்டதே இல்லாதவர்கள் முதல் நாளே கண்ணைக் கசக்கிக்கொண்டு வெளியே ஓடி வருகிறார்கள். அவர்களுக்காக எழுதுகிறேன். முன்னால் தீ எரிகிற கண்ணும், பின்னால் மிச்சச் சூட்டில் காய்கிற 'கொடி' என்ற இன்னொரு கண்ணும் உள்ள நம் பக்கத்துக் கொடியடுப்பையே வைத்துக்கொண்டு, புகையை வீட்டுக்கு வெளியே அனுப்புகிற, விறகைக் குறைவாகத் தின்கிற அடுப்பாக எப்படி மாற்றுவது என்பதுதான் விஷயம்.

தொடங்குவதற்கு முன் ஒன்றை மனதில் பதிய வைத்துக்கொள்ளுங்கள். புகை என்பது எரியாமல் போன விறகு. காய்ந்த விறகின் எடையில் முக்கால் பங்குக்கு மேல் சூடேறியதும் ஆவியாகத்தான் கிளம்பும். அந்த ஆவி தீப்பிடித்தால் நமக்குக் கிடைப்பது ஜுவாலை, பிடிக்காவிட்டால் புகை. ஆகவே புகையை வெளியேற்றும் வேலை இரண்டாவது. புகை உண்டாகாமல் எரிய வைக்கும் வேலை முதலாவது. பலர் தலைகீழாகச் செய்கிறார்கள். பழைய அடுப்பின் முதுகில் ஒரு தகரக் குழாயைச் சொருகிவிட்டு, "குழாய் போட்டாச்சுண்ணே, இனிமே புகையே வராது" என்று சொல்லிவிட்டுக் கொத்தனார் போய்விடுவார். ஒரு வாரத்தில் பானை அடியிலிருந்தும் அடுப்பு வாயிலிருந்தும் புகை பழையபடி முகத்தில் அடிக்கும்.

இது கண் எரிச்சலோடு முடிகிற விஷயமும் இல்லை. வீட்டுக்குள் விறகு, வரட்டி, கரி, மண்ணெண்ணெய் எரிப்பதால் உண்டாகும் மாசு 2020இல் மட்டும் உலகம் முழுக்க 32 லட்சம் பேரின் சாவுக்குக் காரணமானது என்று உலக சுகாதார நிறுவனம் கணக்கிட்டிருக்கிறது. அதில் 2,37,000க்கும் மேற்பட்டவர்கள் ஐந்து வயதுக்கு உட்பட்ட குழந்தைகள். அடுப்படியில் நிற்கிறவர்களும் அவர்கள் இடுப்பில் இருக்கிற பிள்ளைகளும்தான் இதில் அதிகம் அடிபடுகிறவர்கள். அதனால் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: டீ, பால், அவசரச் சமையலுக்கெல்லாம் கேஸ்தான் நல்லது. விறகடுப்பு அவசியம் என்று இருக்கிற வேலைக்கு மட்டும், அதையும் ஒழுங்காகக் கட்டி, எரிப்போம்.

முதலில் விறகு

அடுப்பைத் தொடுவதற்கு முன்னால் விறகுக் கட்டைப் பாருங்கள். பச்சை விறகின் எடையில் ஏறக்குறைய பாதி தண்ணீர். நிழலில் அடுக்கிக் காயவிட்ட பிறகு அது 15 முதல் 20 விழுக்காட்டுக்கு இறங்கும். ஒரு லிட்டர் தண்ணீரைக் கொதிநிலைக்குக் கொண்டுவர ஆகும் சூட்டைவிட, அதே ஒரு லிட்டரை முழுக்க ஆவியாக்க ஏழெட்டு மடங்கு சூடு வேண்டும். விறகுக்குள் இருக்கிற ஒவ்வொரு லிட்டருக்கும் அடுப்பு இந்தத் தண்டத்தைக் கட்டியாக வேண்டும். போதாததற்கு அந்த ஈரம் தீயின் சூட்டையும் இறக்கிவிடும். ஆவி தீப்பிடிக்காமல் புகையாகக் கிளம்பும். ஈர விறகுக்கு எந்த நல்ல அடுப்பும் ஈடு கொடுக்காது.

நம் பக்கம் அதிகம் கிடைப்பது சீமைக் கருவேலம். கெட்டியான மரம், நின்று எரியும், நல்ல கங்கு விழும். மாசி, பங்குனியில் வெட்டிப் பிளந்து அடுக்கினால் ஆடிக்குள் காய்ந்துவிடும். உருட்டுக் கட்டையாகவே போட்டுவைத்தால் பட்டைக்குள் ஈரம் நின்றுவிடும். பிளந்து போடுவதுதான் முக்கியம். முள்ளைக் கழித்துவிட்டு அடுக்குங்கள், அடுப்படியில் வெறுங்காலோடு நடப்பவர்கள் உண்டு. புளிய விறகும் நல்லது. தென்னை மட்டை, பாளை, சிரட்டை எல்லாம் குபீரென்று பிடித்துச் சீக்கிரம் அடங்கும், மூட்டுவதற்கு உகந்தவை. கரிசல் பக்கம் பருத்திமாறும் துவரைமாறும் தாராளமாகக் கிடைக்கும். அவையும் வேகமாக எரிகிற சாதிதான். கூடவே இருந்து தள்ளிக்கொண்டே இருக்க நேரம் இருந்தால் வைத்துக்கொள்ளலாம்.

காய்ந்துவிட்டதா என்று எப்படித் தெரியும்? இரண்டு துண்டை ஒன்றோடொன்று தட்டிப் பாருங்கள். காய்ந்தது கணீரென்று கேட்கும், ஈரமானது மொத்தென்று விழும். வெட்டு முனையில் நடுவிலிருந்து ஓரத்துக்கு வெடிப்பு ஓடியிருக்க வேண்டும். சந்தேகம் இருந்தால் ஒரு துண்டை மளிகைக்கடைத் தராசில் நிறுத்துக் குறித்துவைத்துவிட்டு ஒரு வாரம் வெயிலில் போடுங்கள். மறுபடி நிறுத்தால் எடை குறையவில்லை என்றால் தயார். அடுப்பில் வைத்தபின் முனையில் நுரை தள்ளினாலோ உஸ்ஸென்று சத்தம் வந்தாலோ அந்த விறகு இன்னும் அடுக்கில் இருந்திருக்க வேண்டியது.

எரிக்கக் கூடாதவையும் உண்டு. அரளிக் குச்சி எந்தக் காரணத்துக்கும் அடுப்புக்கு வரக் கூடாது, அதன் புகையே விஷம். பெயின்ட் அடித்த பழைய கதவு, பிளைவுட், கேரி பேக், ரப்பர் எதுவும் வேண்டாம். பாலிதீன் கவரைக் கொளுத்தி அடுப்பு மூட்டுகிற பழக்கம் இப்போது எல்லா ஊரிலும் வந்துவிட்டது. பச்சைக் குழந்தை இருக்கிற வீட்டிலும் செய்கிறார்கள். காய்ந்த தென்னை ஓலை ஒரு கீற்று இருந்தால் அது தேவையே இல்லை.

பழைய அடுப்பை ஒரு தடவை சோதியுங்கள்

இடிப்பதற்கு முன் இருக்கிற அடுப்பு எவ்வளவு விறகு தின்கிறது என்று பார்த்துவிடுங்கள். ஐந்து லிட்டர் தண்ணீர், மூடி போட்ட பாத்திரம், நிறுத்து எடுத்த காய்ந்த விறகு. கொதி வந்ததும் மிச்ச விறகை எடுத்து, தீயை அணைத்து, மறுபடி நிறுங்கள். கணக்கு எளிது. மூன்று கல் கூட்டி எரிக்கிற திறந்த அடுப்பில் விறகின் சூட்டில் 10 முதல் 15 விழுக்காடுதான் பானைக்குப் போய்ச் சேரும். 10 விழுக்காடு என்றால் ஐந்து லிட்டருக்கு ஏறக்குறைய ஒரு கிலோ விறகு ஆகும். காற்றாடி வைக்காத நவீன விறகடுப்புகளுக்கு இந்தியத் தர நிர்ணய அமைவனம் கேட்கிற குறைந்தபட்சத் திறன் 25 விழுக்காடு. அந்த அடுப்புக்கு 400 கிராம் போதும். மண் அடுப்பு குளிர்ந்து கிடந்தால் சுவரைச் சூடாக்கவே கொஞ்சம் விறகு போகும் என்பதால் இரண்டாவது உலையை வைத்துப் பார்ப்பது நியாயமான கணக்கு. இந்த எண்ணை எழுதி வையுங்கள். புது அடுப்பு கட்டி முடித்ததும் இதே சோதனையை மறுபடி செய்யலாம்.

மண் பிசைவது

கண்மாயில் எடுக்கிற கரம்பை மண் நன்றாக ஒட்டும், ஆனால் தனியாகப் போட்டால் காயும்போது பிளந்துவிடும். அதோடு மணலும் உமியும் சேர வேண்டும். எந்த விகிதம் என்பது கண்மாய்க்குக் கண்மாய் மாறும். கைப்பிடி அளவில் மூன்று நான்கு விதமாகக் கலந்து உருண்டை பிடித்து நிழலில் காயவையுங்கள். வெடித்தால் மணல் போதவில்லை. விரலால் தேய்த்தால் உதிர்ந்தால் மணல் கூடிவிட்டது. நல்லது எதுவோ அதே அளவில் மொத்த மண்ணையும் குழைத்து, தண்ணீர் தெளித்து, சாக்கு போட்டு மூடி இரண்டு நாள் புளிக்க விடுங்கள்.

தீ எரிகிற இடத்தைச் சுற்றி மட்டும் தனிக் கலவை வேண்டும். கனமான மண் சுவர் சூட்டைக் குடித்துவிடும். நாள் முழுக்க எரிகிற அடுப்பு என்றால் பரவாயில்லை. காலையில் அரை மணி நேரம் வெந்நீர் போட்டு அணைக்கிற வீட்டில் அந்தச் சூடு சுவரோடு நின்றுவிடும். அதனால் உள்சுவருக்கு உமியை அள்ளிப் போட்டு, மண்ணைக் குறைத்து, பிடித்தால் நிற்கிற அளவுக்கு மட்டும் ஒட்டுகிற கலவையாகச் செய்யுங்கள். எரிய எரிய உமி கருகி உள்ளே சின்னச் சின்ன இடைவெளிகள் விழும், சூடு வெளியே போகாது. வெளிச்சுவருக்கும் உள்சுவருக்கும் நடுவே இரண்டு விரல் இடைவெளி விட்டுச் சலித்த சாம்பலைக் கொட்டி அமுக்கினால் இன்னும் நல்லது. சாம்பலைவிட மலிவான சூட்டுத் தடுப்பு நம் வீட்டில் கிடையாது.

அடுப்பு கட்டுவது

கொடியடுப்பு கட்டியவர்கள் பாதி வேலையை ஏற்கெனவே முடித்துவிட்டார்கள். முன் கண்ணில் தீ எரிகிறது, மிச்சச் சூடு பின்னால் இருக்கிற கொடிக்குப் போகிறது. அங்கே குழம்போ வெந்நீரோ சும்மா கிடக்கிற சூட்டில் காய்கிறது. நாம் சேர்க்கப்போவது நாலு விஷயம்: அடியில் ஒரு கம்பித் தட்டு, நடுவில் ஒழுங்கான தீப்பாதை, பானை கச்சிதமாக உட்காரும் வாய், கடைசியில் குழாய்.

எந்தப் பாத்திரங்களை வைக்கப்போகிறீர்கள் என்று முதலில் முடிவு செய்யுங்கள். அடுப்பு பாத்திரத்துக்காகக் கட்டப்படுவது. முன் கண்ணுக்குச் சோற்றுப் பானை, கொடிக்கு வெந்நீர்த் தவலை என்று வைத்துக்கொள்வோம். இரண்டையும் தரையில் நாலு விரல் இடைவெளியில் வைத்துச் சுண்ணாம்பால் சுற்றிக் கோடு போடுங்கள். அதற்குப் பின்னால் குழாய்க்கு ஒரு சாண் இடம். வாய், முன் கண், கொடி, குழாய் நான்கும் ஒரே நேர்கோட்டில் வருவது நல்லது. மூலையில் இடம் இல்லை என்றால் கொடிக்குப் பிறகு ஒரு திருப்பம் இருக்கலாம், இரண்டு வேண்டாம்.

தீ எரிகிற அறையின் உள் அகலம் 7 அங்குலம். அடியில் 3 அங்குல உயரத்துக்குச் சாம்பல் குழி, அதன் மேல் கம்பித் தட்டு. கட்டுமானக் கம்பித் துண்டுகளை அரை அங்குல இடைவெளியில் வெல்டிங் பட்டறையில் ஒட்டித் தரச் சொன்னால் போதும். இந்தத் தட்டு எல்லாருக்கும் அற்பமாகத் தெரியும், விட்டுவிடுவார்கள். ஆனால் விறகு சாம்பலில் புதைந்து கிடந்தால் காற்று மேலோட்டமாகத்தான் படும். தட்டின் மேல் கிடந்தால் அடியிலிருந்து காற்று கங்கைத் துளைத்துக்கொண்டு வரும். ஊதுகுழலை எடுக்கிற வேலை பெரும்பாலும் போய்விடும். தட்டிலிருந்து பானை அடிவரை 6 அல்லது 7 அங்குலம் இருக்கட்டும். இதைவிடக் குறைந்தால் ஜுவாலை முழுசாக எரிந்து முடிவதற்கு முன்பே பானையில் மோதிக் கரியாகப் படியும். கூடினால் பானைக்குப் போகிற சூடு குறையும். விறகு வைக்கிற வாய் 6 அங்குல அகலம், 5 அங்குல உயரம் போதும். நம் பழைய அடுப்புகளில் வாய் அளவுக்கு மேல் பெரிதாக இருக்கும். வாய் பெரிதானால் தேவைக்கு மேல் குளிர்ந்த காற்று நுழையும், விறகையும் அள்ளித் திணிக்கத் தோன்றும்.

முன் கண்ணிலிருந்து கொடிக்குப் போகிற பாதை அறையின் மேல் பக்கத்திலிருந்து கிளம்பி மெல்ல ஏற வேண்டும். அதன் அளவு குழாயின் அளவுக்குக் குறையக் கூடாது. 4 அங்குலக் குழாய்க்கு 4 அங்குல அகலம், மூன்றரை அங்குல உயரம் சரியாக இருக்கும். கொடிக்கு அடியில் பள்ளம் விடாதீர்கள். தரையை மண் போட்டு உயர்த்தி, தவலையின் அடிக்கும் தரைக்கும் ஒன்றரை முதல் இரண்டு அங்குலம் மட்டும் இருக்குமாறு செய்யுங்கள். அந்தச் சந்துக்குள் சூடான காற்று தவலையின் வயிற்றை உரசிக்கொண்டுதான் போயாக வேண்டும். வெந்நீர் காய்வது இந்த இரண்டு அங்குலத்தில்தான் இருக்கிறது.

இப்போது பானை உட்காரும் வாய். எல்லாம் சரியாகக் கட்டி இந்த இடத்தில் கோட்டை விடுகிறவர்களே அதிகம். பழைய அடுப்பில் மூன்று குமிழ் இருக்கும். பானை அதன் மேல் நிற்கும், நடுவில் விரல் நுழைகிற இடைவெளி வழியாகப் புகை வெளியேறும். குழாய் இல்லாத அடுப்புக்கு அது சரி, அதுதான் அதன் புகைபோக்கி. குழாய் வைத்த அடுப்பில் குமிழ் இருந்தால் வேலை தலைகீழாகிவிடும். குழாய் அந்த இடைவெளி வழியாக அடுப்படியின் குளிர்ந்த காற்றை இழுக்கும், குழாய்க்குள் போகிற காற்றின் சூடு இறங்கும், இழுவை செத்துப்போகும், புகை வாய் வழியாகத் திரும்பி வரும். ஆகவே குமிழைச் சீவி எடுத்துவிடுங்கள். மண் ஈரமாக இருக்கும்போதே பானையின் அடியில் எண்ணெய் தடவி, கண்ணில் வைத்து, இரண்டு கையாலும் லேசாகத் திருகி அமுக்குங்கள். பானையின் வளைவு அப்படியே மண்ணில் பதியும். எடுத்துப் பார்த்தால் சுற்றிலும் பளபளவென்று ஒரே சீரான வட்டம் தெரிய வேண்டும். எங்காவது மங்கலாக இருந்தால் அங்கே படவில்லை என்று அர்த்தம். கொஞ்சம் மண் வைத்து மறுபடி திருகுங்கள். வேறு அளவுப் பாத்திரமும் வைப்பது வழக்கம் என்றால் தகட்டில் வளையம் வெட்டி வைத்துக்கொள்ளலாம். கொடியில் எதுவும் வைக்காத நேரத்தில் ஒரு மூடி போட்டு அடைத்தே தீர வேண்டும்.

குழாய்

சூடான காற்று லேசானது, அதனால் மேலே போகிறது. 200 டிகிரியில் இருக்கிற காற்று, 30 டிகிரியில் இருக்கிற அதே அளவு காற்றின் எடையில் மூன்றில் இரண்டு பங்குதான் இருக்கும். இந்த எடை வித்தியாசம்தான் புகையை இழுக்கிறது. குழாய் உயர உயர இழுவை கூடும். குழாய்க்குள் சூடு குறைந்தால் இழுவையும் குறையும். வீட்டு அடுப்புக்கு 4 அங்குல உள்விட்டம், அடுப்பிலிருந்து 8 முதல் 10 அடி உயரம், கூரையைத் தாண்டி 2 அடி. பெரிய அண்டா வைக்கிற அடுப்பு என்றால் 6 அங்குலம் வேண்டும்.

எந்தக் குழாய்? பிவிசி கூடவே கூடாது, உருகி விஷப் புகை கிளப்பும். முன்பு ஏ.சி. பைப் என்கிற ஆஸ்பெஸ்டாஸ் சிமென்ட் குழாயைப் போட்டார்கள். அதை அறுக்கும்போது பறக்கிற தூசி நுரையீரலுக்குக் கேடு, அதிகச் சூட்டில் வெடிக்கவும் செய்யும், வேண்டாம். என் தேர்வு, அடியில் இரண்டு மூன்று அடிக்குச் சுடுமண் குழாய், அதற்கு மேல் ஜி.ஐ. என்கிற, துத்தநாகம் பூசிய இரும்புத் தகட்டுக் குழாய். ஜி.ஐ. மேல் இருக்கிற துத்தநாகம் 420 டிகிரி அளவில் உருகும். அடுப்பை ஒட்டி வைத்தால் தீ அதிகமாகும்போது அந்தப் பூச்சு கெட்டுப்போகும். மேலே போகப் போகச் சூடு குறைந்துவிடுவதால் அங்கே பயமில்லை. மானாமதுரை மாதிரி மண்பாண்டம் செய்கிற ஊர்களில் அளவு சொன்னால் சுடுமண் குழாய் செய்து தருபவர்கள் உண்டா என்று விசாரித்துப் பாருங்கள்.

குழாயின் அடியில், அடுப்பு மட்டத்துக்குக் கீழே, ஒரு கை நுழைகிற ஓட்டை விட்டு மூடி போடுங்கள். கரி விழுகிற இடமும் சுத்தம் செய்கிற வழியும் அதுதான். அதற்குச் சற்று மேலே ஒரு கீறல் விட்டுத் தகடு சொருகினால் இழுவையைக் கூட்டவும் குறைக்கவும் முடியும். தகடு எவ்வளவு உள்ளே போனாலும் கால் பாகமாவது திறந்தே இருக்கும்படி ஒரு மூலையை வெட்டிவிடுங்கள். கங்கு இருக்கும்போது குழாயை முழுசாக அடைப்பது ஆபத்து.

ஓட்டு வீடாக இருந்தால் ஓட்டைப் பிரித்துத் தகடு வைத்து ஏற்றலாம். மரச் சட்டத்திலிருந்தும் கைமரத்திலிருந்தும் ஒன்றரை அடி தள்ளியிருக்கட்டும். கான்கிரீட் தளம் என்றால் துளை போடுவதைவிடச் சுவர் வழியாகச் சாய்வாக வெளியே எடுத்து ஏற்றுவது சுலபம்; ஆனால் வெளியே நிற்கிற குழாய் சீக்கிரம் குளிரும் என்பதால் கொஞ்சம் கூடுதல் உயரம் கொடுங்கள். ஓலைக் கூரைக்குள் குழாயை விடாதீர்கள். எவ்வளவு தகடு சுற்றினாலும் குழாய் முனையிலிருந்து பறக்கிற ஒரு பொறி போதும். அந்த வீட்டில் அடுப்படியைத் தனியாகத் தகரக் கொட்டகைக்கு மாற்றிவிடுவதே சரி.

காற்றையும் கணக்கில் எடுங்கள். ஆனி, ஆடியில் மேற்கிலிருந்து விடாமல் அடிக்கும். ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்கிலிருந்து மழையோடு வரும். குழாய் முனை பக்கத்து மொட்டை மாடிச் சுவரைவிடத் தாழ்ந்திருந்தால் அந்தச் சுவரில் மோதித் திரும்புகிற காற்று புகையைக் கீழே அழுத்திவிடும். முனையில் தொப்பி வையுங்கள், தொப்பிக்கும் குழாய்க்கும் ஒரு சாண் இடைவெளி விடுங்கள். அடுப்பு வாய் மேற்கு வாசலுக்கு நேராக இருக்க வேண்டாம். பக்கத்து வீட்டுச் சன்னல் எந்தப் பக்கம் என்றும் பாருங்கள். நம் புகை அவர்கள் தொட்டிலுக்குப் போகக் கூடாது.

முதல் தீ

கட்டி முடித்ததும் அவசரப்படாதீர்கள். நிழலில் பத்து நாளாவது காயட்டும். முதல் இரண்டு மூன்று நாள் சுள்ளி போட்டுச் சின்னத் தீ மட்டும். வெடிப்பு விழுந்தால் அதே மண்ணைக் கரைத்துப் பூசுங்கள். வெள்ளிக்கிழமை தோறும் சாணி கரைத்து அடுப்பை மெழுகிக் கோலம் போடுகிற வழக்கம் இருக்கிற வீடுகளில் இந்த வெடிப்புகள் தானாகவே அடைபட்டுப்போகும். அதை விட்டுவிடாதீர்கள்.

மூட்டும்போது குழாய் குளிர்ந்திருக்கும், அதற்குள் இருக்கிற கனத்த காற்று புகையை மேலே விடாது. சுத்தம் செய்கிற ஓட்டையைத் திறந்து ஒரு ஓலையைக் கொளுத்தி உள்ளே நீட்டி, எரிந்ததும் மூடுங்கள். குழாய் சூடேறி இழுக்கத் தொடங்கும். பிறகு அடுப்பு வாயருகே ஊதுபத்தி ஒன்றைப் பிடித்தால் அதன் புகை உள்ளே வளைந்து போக வேண்டும். போனால் அடுப்பு தயார்.

விறகு விரல் பருமனில் தொடங்கி மணிக்கட்டுப் பருமனுக்கு மேல் போக வேண்டாம். நுனி மட்டும் எரிய, எரிய எரிய உள்ளே தள்ளுங்கள். எங்கள் பக்கத்து அப்பத்தா ஒருத்தர் பேரன் பெண்டாட்டியிடம் சொன்னது இது: "வாயை அடைக்காம விறக வையித்தா, அதுக்கும் மூச்சு வேணும்ல." வாயில் பாதிக்கு மேல் விறகு நிற்கக் கூடாது என்பதை இதைவிடச் சுருக்கமாகச் சொல்ல முடியாது. உலை கொதித்ததும் விறகை வெளியே இழுத்து, தகட்டைப் பாதி சொருகி, மூடி போட்டுவிடுங்கள். கொதிக்கிற தண்ணீரை இன்னும் பலமாகக் கொதிக்க வைத்தாலும் அரிசி சீக்கிரம் வேகாது.

அடுப்பு நன்றாகப் பிடித்த பிறகு வெளியே போய்க் குழாய் முனையைப் பாருங்கள். காய்ந்த விறகு, சரியான காற்று என்றால் புகை கண்ணுக்கு லேசாகத்தான் தெரியும். கருப்பாகப் புகைந்தால் விறகு அதிகம் அல்லது காற்று போதவில்லை. கெட்டியான வெள்ளைப் புகை ஈர விறகைக் காட்டும்.

பராமரிப்பும் எச்சரிக்கையும்

1950களில் ஹைதராபாத்தில் எஸ்.பி. ராஜு புகையில்லா அடுப்பை வடிவமைத்தார். 1980களில் பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தின் அஸ்த்ரா பிரிவு மூன்று பாத்திரம் வைக்கிற அடுப்பைக் கொடுத்தது. மத்திய அரசும் அப்போது மேம்பட்ட அடுப்புத் திட்டத்தை நாடு முழுக்க நடத்தியது. அப்படிக் கட்டிய அடுப்புகளில் ஏராளமானவை குழாய் அடைத்து, உடைந்து, பழுது பார்க்க ஆளில்லாமல் கைவிடப்பட்டன. வடிவத்தில் குறை என்பதைவிட, கரியை யாரும் துடைக்கவில்லை என்பதே பல வீடுகளின் கதை. தினமும் எரிகிற அடுப்பின் குழாயை மாதம் ஒரு தடவை சுத்தம் செய்யுங்கள். கயிற்றில் பழைய சாக்கைச் சுருட்டிக் கட்டி, நுனியில் கல் தொங்கவிட்டு, மேலிருந்து இறக்கி ஏற்றினால் கரி அடி ஓட்டையில் வந்து விழும். மூக்கில் துணி கட்டிக்கொள்ளுங்கள். ஈர விறகு எரிக்கிற வீட்டில் குழாய்க்குள் தார் மாதிரி படியும், அது எப்போதாவது தானே பற்றிக்கொள்ளும். குழாய் உறுமுகிற சத்தம் கேட்டால் அடுப்பு வாயையும் சாம்பல் குழியையும் தகட்டால் அடைத்துக் காற்றை நிறுத்துங்கள். மேலிருந்து தண்ணீர் ஊற்றாதீர்கள், குழாய் வெடிக்கும்.

கேஸ் சிலிண்டரும் விறகடுப்பும் ஒரே அறையில் இருக்கக் கூடாது. மழைக்குளிரில் கங்கு கிடக்கிற அடுப்படியில் கதவைச் சாத்திக்கொண்டு யாரும் படுக்கவும் கூடாது. கங்கு புகை விடாவிட்டாலும் கார்பன் மோனாக்சைடு விடும்; அதற்கு நிறமும் இல்லை, வாடையும் இல்லை.

சாம்பலை மூடி போட்ட தகர டின்னில் அள்ளுங்கள். மேலே ஆறியது போலத் தெரிந்தாலும் உள்ளே கங்கு மறுநாள் வரை உயிரோடு இருக்கும். வைக்கோல் படப்புப் பக்கம் கொட்டி எரிந்துபோன வீடுகள் உண்டு. நன்றாக ஆறிய பிறகு பாத்திரம் விளக்கவும் தோட்டத்துக்கும் எடுத்துக்கொள்ளலாம்.

புரட்டாசி முடிவதற்குள் ஒரு நாள் ஒதுக்கித் தொப்பி ஆடுகிறதா, கூரைத் துளையைச் சுற்றி ஒழுகுகிறதா, கம்பித் தட்டு வளைந்திருக்கிறதா, பானை வாய் வட்டம் தேய்ந்திருக்கிறதா என்று பாருங்கள். கம்பித் தட்டு சூட்டில் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்னப்படும்; வளைந்தால் மாற்றிவிடுவது நல்லது. விறகையும் அதே நாளில் தரையிலிருந்து ஒரு அடி உயரத்தில் கூரைக்குக் கீழே ஏற்றி அடுக்கிவிட்டால் ஐப்பசி மழைக்கு அடுப்பு தயாராக இருக்கும்.